எண்டோஸ்கோபிக்குப் பின் வரக்கூடிய அரிய அவசரநிலைகள்: தெப்பக்காடு, மசினகுடி, கூடலூர் பகுதி நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்கும்

முக்கியச் செய்திகள்

• எண்டோஸ்கோபி பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பான பரிசோதனை. கடுமையான சிக்கல் மிகச் சிலருக்கே ஏற்படுகிறது.
• சிக்கல்களுள் சில, நீங்கள் வீடு திரும்பிய பின்னரே வெளிப்படும். சில மணி நேரத்திலும் வரலாம். இரண்டு வாரம் கழித்தும் வரலாம்.
• தணியாமல் கூடிக்கொண்டே போகும் வலி, இரத்த வாந்தி, கருமலம், குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 எண்ணை அழையுங்கள். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.
• காட்டையும் மலைப்பாதையையும் கடந்து மருத்துவமனை சேர வேண்டியவர்கள், எங்கே செல்வது, யாரை அழைப்பது என்பதைப் பரிசோதனைக்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

எண்டோஸ்கோபி என்றால் என்ன?

நுனியில் ஒளிவிளக்கும் கேமராவும் பொருத்தப்பட்ட, வளையக்கூடிய மெல்லிய குழாயைச் செலுத்தி உணவுப்பாதையின் உட்புறத்தைப் பார்ப்பதே எண்டோஸ்கோபி. பேச்சுவழக்கில் இதனைக் 'குழாய் விட்டுப் பார்ப்பது' என்பர். இதில் சில வகைகள் உண்டு.

• மேல் எண்டோஸ்கோபி: வாய் வழியாக உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றைக் காண்பது.
• கொலோனோஸ்கோபி: ஆசனவாய் வழியாகப் பெருங்குடல் முழுவதையும் காண்பது.
• ஈ.ஆர்.சி.பி.: வாய் வழியாகச் சென்று, பித்தநாளமும் கணையநாளமும் சிறுகுடலில் திறக்கும் இடத்தை அடைந்து, கல் அகற்றுதல், அடைப்பு நீக்குதல், ஸ்டென்ட் வைத்தல் போன்ற சிகிச்சைகளைச் செய்வது.

பார்ப்பதற்காக மட்டும் செய்யப்படும் எண்டோஸ்கோபி வேறு. சிகிச்சைக்காகச் செய்யப்படுவது வேறு. பாலிப் எனப்படும் சதை வளர்ச்சியை அகற்றுதல், சுருங்கிய உணவுக்குழாயை விரிவாக்குதல், கல்லீரல் நோயாளிகளின் உணவுக்குழாயில் புடைத்துள்ள இரத்தநாளங்களுக்கு ரப்பர் வளையம் இடுதல் ஆகியவை சிகிச்சை வகையைச் சேர்ந்தவை. இவற்றில் சிக்கலுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆகவே, உங்களுக்குச் செய்யப்பட்டது எது என்பதை நீங்கள் அறிந்திருப்பது அவசியம்.

சிக்கல்கள் எவ்வளவு அரிதானவை?

நோயறிதலுக்காக மட்டும் செய்யப்படும் மேல் எண்டோஸ்கோபியில் உணவுப்பாதையில் துளை விழுவது பல ஆயிரம் பேரில் ஒருவருக்கே நேர்கிறது. கொலோனோஸ்கோபியில் ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்குத் துளை ஏற்படலாம். பாலிப் அகற்றப்பட்டவர்களுள் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குப் பின்னர் இரத்தக்கசிவு ஏற்படலாம். ஈ.ஆர்.சி.பி. செய்துகொள்வோரில் 100 பேருக்கு 3 முதல் 10 பேர் வரை கணைய அழற்சிக்கு உள்ளாகின்றனர். அவர்களுள் பெரும்பாலானோர் சில நாள்களில் குணமடைகின்றனர்.

இந்த எண்களைக் கண்டு அஞ்சித் தேவையான பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. புற்றுநோயையும் குடற்புண்ணையும் தொடக்கத்திலேயே கண்டறிவதால் கிடைக்கும் பயன் இந்த ஆபத்தைவிடப் பன்மடங்கு பெரிது. அதே வேளையில், 'வந்தாலும் வரலாம்' என்ற விழிப்புணர்வு தேவை. ஏனெனில் இச்சிக்கல்களைக் குணப்படுத்த வழிகள் உள்ளன. அவை பயன் தருவது, நோயாளி எவ்வளவு விரைவில் மருத்துவமனையை அடைகிறார் என்பதைப் பொறுத்தது.

எவை இயல்பானவை?

பரிசோதனைக்குப் பின் கீழ்க்காண்பவை பலருக்கும் ஏற்படும். இவை தாமே சரியாகிவிடும்.

• ஓரிரு நாள்கள் இலேசான தொண்டை வலி அல்லது கரகரப்பு.
• பரிசோதனையின்போது செலுத்தப்பட்ட காற்றினால் வயிற்று உப்புசம், ஏப்பம், காற்றுப் பிரிதல். காற்று வெளியேறியதும் இது குறையும்.
• திசு மாதிரி எடுக்கப்பட்டிருந்தால், முதல் ஓரிரு முறை மலத்தில் சிறு கீற்றாக இரத்தம்.
• தூக்கமருந்து கொடுக்கப்பட்டிருந்தால் அன்று முழுவதும் தூக்கக் கலக்கம்.

உதகையிலிருந்து கல்லட்டி வழியாகவோ நடுவட்டம் வழியாகவோ இறங்கி வருபவர்களுக்கு வளைவுகளில் குமட்டல் வருவதுண்டு. அது பயணத்தால் வந்த குமட்டலானால், வண்டியை விட்டு இறங்கிச் சற்று நேரத்தில் அடங்கிவிடும். வாந்தியில் இரத்தம் இருந்தாலும், வயிற்று வலி சேர்ந்து வந்தாலும், வீடு சேர்ந்த பின்னும் வாந்தி நிற்காவிட்டாலும் அதனை மலைப்பயணத்தின் மேல் சுமத்திவிட வேண்டாம்.

பொதுவாக நினைவில் கொள்ளத்தக்க விதி ஒன்று உண்டு: இயல்பான தொல்லை மணிக்கு மணி குறையும், சிக்கலின் தொல்லை மணிக்கு மணி கூடும்.

உடனே 108 எண்ணை அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• கடுமையான வயிற்று வலி அல்லது நெஞ்சு வலி. வயிறு பலகைபோல் இறுகுதல். அசைந்தாலும் இருமினாலும் வலி மிகுதல்.
• கழுத்திலோ மேல்மார்பிலோ திடீர் வீக்கம். தோலை அழுத்தினால் நறநறவெனத் தோன்றுதல்.
• விழுங்க இயலாமை. விழுங்கும்போது நெஞ்சில் கடும் வலி.
• இரத்த வாந்தி, அல்லது காபித் தூள் போன்ற நிறத்தில் வாந்தி.
• தார் போன்ற கருநிற, துர்நாற்றமுள்ள மலம். அல்லது கட்டிகளுடன் சிவந்த இரத்தம் மிகுதியாக வெளியேறுதல்.
• எழுந்து நின்றால் தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, ஓய்வில் இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 100-க்கு மேல் இருத்தல், மயக்கம்.
• 100.4 பாரன்ஹீட் பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குறிப்பாகக் குளிர்நடுக்கத்துடன்.
• மூச்சுத்திணறல், உதடு நீலம்பூத்தல், எழுப்பியும் எழாத தூக்கம்.
• ஈ.ஆர்.சி.பி.க்குப் பின் கண்ணும் தோலும் மஞ்சளாதல், மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவுதல்.

இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்பவர்களுக்கு மலம் கருமையாக இருக்கலாம். பீட்ரூட் உண்டால் மலம் சிவக்கலாம். ஆயினும் மலம் தார்போல் பிசுபிசுப்பாக இருந்தாலோ, தலைசுற்றல் சேர்ந்திருந்தாலோ இரத்தக்கசிவு என்றே கருதிச் செயல்படுங்கள்.

சிக்கல்களை அறிந்துகொள்ளுங்கள்

1. துளை விழுதல்

உணவுப்பாதையின் சுவரில் கிழிசல் அல்லது துளை ஏற்பட்டால், உள்ளே இருக்கும் காற்றும் உணவும் கிருமிகளும் நெஞ்சறைக்குள்ளோ வயிற்றறைக்குள்ளோ கசியும். பெரும்பாலும் இது பரிசோதனையின்போதே மருத்துவருக்குத் தெரிந்துவிடும். சில வேளைகளில் சில மணி நேரம் கழித்தே வலி தொடங்கும். பாலிப் அகற்றிய இடத்தில் சூட்டினால் சுவர் நலிந்திருந்தால், ஓரிரு நாள் கழித்தும் துளை விழலாம்.

உணவுக்குழாயில் துளை விழுந்தால் நெஞ்சு வலி, கழுத்து வீக்கம், காய்ச்சல் ஆகியவை தோன்றும். இதனை மாரடைப்பு என்றோ வாயுத்தொல்லை என்றோ தவறாக எண்ணிக்கொள்வது உண்டு. முதல் 24 மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கினால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதற்குப் பின் ஆபத்து விரைவாகக் கூடும். சிறு துளைகளை எண்டோஸ்கோபி வழியாகவே கிளிப்பிட்டு மூட இயலும். தாமதமானால் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

2. இரத்தக்கசிவு

பாலிப் அகற்றிய இடத்தில் முதலில் ஒரு பொருக்கு உருவாகும். அது உதிரும்போது அடியிலுள்ள இரத்தநாளம் திறந்துகொள்ளக்கூடும். ஆகவேதான் பரிசோதனை முடிந்து ஒரு வாரம் நலமாக இருந்தவருக்கும் திடீரென இரத்தக்கசிவு ஏற்படுகிறது. பெரும்பாலும் இது 14 நாள்களுக்குள் நேரும். உணவுக்குழாயில் ரப்பர் வளையம் இட்டவர்களுக்கும் வளையம் உதிரும் காலத்தில், பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள், புண்ணிலிருந்து இரத்தம் வரலாம். கல்லீரல் நோயாளிக்கு இவ்வாறு வரும் இரத்த வாந்தி உயிருக்கு ஆபத்தானது.

3. கணைய அழற்சி

ஈ.ஆர்.சி.பி.க்குப் பின் வரும் சிக்கல்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திற்குள் மேல்வயிற்றில் கடும் வலி தொடங்கி முதுகுக்குப் பரவும். வாந்தியும் உடன் வரும். இதனைத் தடுப்பதற்காகப் பரிசோதனையை ஒட்டி ஆசனவாய் வழியாக டைக்ளோபெனாக் அல்லது இண்டோமெத்தசின் மருந்து வைப்பது வழக்கம். இந்த மருந்துகளுக்கு ஒவ்வாமை, சிறுநீரக நோய் இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கூற வேண்டும்.

4. பித்தநாளத் தொற்று

பித்தநாளத்தில் கல் மீந்திருந்தாலோ ஸ்டென்ட் அடைத்துக்கொண்டாலோ தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகும். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், வலது மேல்வயிற்று வலி, மஞ்சள்காமாலை ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது பல வாரங்கள் கழித்தும் வரலாம். ஆகவே ஸ்டென்டை எடுக்க அல்லது மாற்றக் குறிக்கப்பட்ட நாளைத் தவறவிடக் கூடாது. மஞ்சள்காமாலைக்கு நாட்டுமருந்து கொடுத்துக் காத்திருப்பது இந்நிலையில் உயிருக்கு ஆபத்தாகும். தொற்று சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி இரத்த அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

5. மூச்சுச் சிக்கல்களும் ஒவ்வாமையும்

தூக்கமருந்து மூச்சின் வேகத்தைக் குறைக்கலாம். வயிற்றில் உணவோ நீரோ இருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம். உணவருந்தாமல் வரச் சொல்வதன் காரணம் இதுவே. காலையில் ஒரு குவளை தேநீர் மட்டும் குடித்திருந்தாலும் அதனை மறைக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். பரிசோதனை தள்ளிப்போவதால் நேரும் சிரமம், இந்த ஆபத்தைக் காட்டிலும் சிறியது. வீடு திரும்பிய பின் இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு தோன்றினால் உடனே மருத்துவமனை செல்லுங்கள்.

6. மண்ணீரல் காயம்

இது மிகவும் அரிது. கொலோனோஸ்கோபியின்போது பெருங்குடல் வளைவை ஒட்டியுள்ள மண்ணீரல் இழுபட்டுக் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசியலாம். வெளியே ஒரு சொட்டு இரத்தமும் தெரியாது. இடது மேல்வயிற்றில் வலி, இடது தோள்பட்டையில் காரணமின்றி வலி, தலைசுற்றல் ஆகியவை அடையாளங்கள். பெரும்பாலும் முதல் ஓரிரு நாள்களில் வெளிப்படும். தோள்பட்டை வலிக்குத் தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம்.

7. உணவூட்டும் குழாய் விலகுதல்

எண்டோஸ்கோபி வழியாக வயிற்றில் உணவூட்டும் குழாய் பொருத்தப்பட்டவருக்கு, முதல் நான்கு வாரங்களுக்குள் அது கழன்றுவிட்டால் வீட்டிலேயே மீண்டும் செருக முயலக் கூடாது. பாதை இன்னும் உறுதிப்படாததால் குழாய் தவறான இடத்திற்குச் சென்றுவிடும். உணவு எதுவும் செலுத்தாமல், தூய துணியால் மூடி, கழன்ற குழாயையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை செல்லுங்கள். நாள்பட்ட குழாய் கழன்றாலும் சில மணி நேரத்தில் துளை சுருங்கிவிடும், தாமதிக்க வேண்டாம்.

அரிவாள் செல் நோய் உள்ளவர்கள் கவனிக்க

நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் மரபுக்கூறு காணப்படுவது 1952-இலேயே ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டது. இந்தியாவில் இந்நோயைப் பற்றிய முதல் பதிவுகளுள் அதுவும் ஒன்று. இந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. பணியர், இருளர், குறும்பர் முதலான சமூகங்களைச் சேர்ந்தவர்கள், இதுவரை பரிசோதித்துக்கொள்ளாவிட்டால், எண்டோஸ்கோபிக்கு முன் இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

ஏன் இது முக்கியம்? நீண்ட நேரம் உணவும் நீரும் இன்றி இருப்பது, குடலைத் தூய்மைப்படுத்தும் மருந்தினால் உடலில் நீர் குறைவது, குளிர், தூக்கமருந்தின்போது ஆக்சிஜன் குறைவது ஆகிய ஒவ்வொன்றும் அரிவாள் செல் நோயாளிக்குக் கடும் வலியைத் தூண்டக்கூடும். உதகை கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்குள்ள குளிருக்கு ஏற்பக் கம்பளி உடையுடன் செல்லுங்கள். உங்களுக்கு இந்நோய் இருப்பதை முன்பே தெரிவித்தால், பரிசோதனையை அன்றைய முதல் முறையாக வைத்துக்கொள்ளவும், நரம்பு வழியாக நீர் ஏற்றவும், ஆக்சிஜன் அளிக்கவும் மருத்துவக் குழு ஏற்பாடு செய்ய இயலும்.

பரிசோதனைக்குப் பின் வயிற்று வலி வந்தால், அது அரிவாள் செல் நோயின் வலியா, குடலில் விழுந்த துளையின் வலியா என்பதை வீட்டில் இருந்தபடி எவராலும் பிரித்தறிய இயலாது. 'வழக்கமாக வரும் வலிதான்' என்று மாத்திரை போட்டுப் படுத்துவிட வேண்டாம்.

வேறு யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

• ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள். இவற்றைத் தாமாக நிறுத்தவும் கூடாது. கேட்காமல் தொடரவும் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் மருந்தைத் திடீரென நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். எந்த நாளில் நிறுத்துவது, எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்பதை எழுத்தில் பெறுங்கள்.
• நீரிழிவு நோயாளிகள். உணவின்றி இருக்கும் நாளில் வழக்கமான இன்சுலினோ மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.
• கல்லீரல், சிறுநீரகம், இதயம், நுரையீரல் நோயுள்ளவர்கள்.
• முதியவர்கள், கருவுற்றவர்கள், முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்.

அவசரநிலையில் செய்ய வேண்டியவை

1. 108 எண்ணை அழையுங்கள். முதலில் மாவட்டத்தையும் ஊரையும் சொல்லுங்கள்: "நீலகிரி மாவட்டம், தெப்பக்காடு". மாநில எல்லையோரத்தில் கைபேசி அழைப்பு வேறு மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும் என்பதால் இது முக்கியம். பின்னர் குடியிருப்பின் பெயர், அருகிலுள்ள சோதனைச் சாவடி, பாலம் அல்லது பள்ளி, வண்டி எதுவரை வர இயலும் என்பதைக் கூறுங்கள்.
2. "எண்டோஸ்கோபி செய்து இத்தனை நாள் ஆகிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஒரு செய்தி, எங்கே கொண்டுசெல்வது என்ற முடிவையே மாற்றிவிடும்.
3. பரிசோதனை செய்த மருத்துவமனைக்கும் தகவல் கொடுங்கள்.
4. வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். நீர், கஞ்சி, சோடா, கஷாயம் எதுவும் வேண்டாம். துளை இருந்தால் ஒவ்வொரு மிடறும் வெளியே கசியும். மேலும் அறுவை சிகிச்சைக்கு வெறும்வயிறு தேவை. நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை குறைந்ததாகத் தோன்றினால் 108 பணியாளரிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.
5. வாந்தி எடுப்பவரையும் அரைமயக்கத்தில் உள்ளவரையும் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சுத்திணறல் உள்ளவரைச் சாய்ந்து உட்கார வையுங்கள். தலைசுற்றல் உள்ளவரை நடக்க விடாதீர்கள்.
6. கம்பளியால் போர்த்துங்கள். வயிற்றின் மேல் சூடான ஒத்தடம் வேண்டாம்.
7. பரிசோதனை அறிக்கை, வெளிநோயாளர் சீட்டு, உட்கொள்ளும் மருந்துகள், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

• வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை இரத்தக்கசிவை மிகுதியாக்கும்.
• பேதி மருந்து, எனிமா கொடுக்காதீர்கள்.
• வயிற்றைப் பிசையவோ எண்ணெய் தேய்த்து உருவவோ கூடாது.
• தானாக வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்.
• இரவில் காட்டுச் சாலையில் நோயாளியை நடத்தியோ இருசக்கர வாகனத்தில் ஏற்றியோ செல்லாதீர்கள். யானை முதலிய விலங்குகள் நடமாடும் பாதையில் அது மேலும் ஓர் ஆபத்து. வண்டி வரும்வரை வீட்டிற்குள்ளேயே இருங்கள். வண்டி வர இயலாத குடியிருப்பானால், அருகிலுள்ள வனத்துறைப் பணியாளர்களின் உதவியைக் கேளுங்கள்.

தெப்பக்காட்டிலிருந்து மருத்துவமனைக்கு

முதுமலை புலிகள் காப்பகத்திற்குள் அமைந்துள்ள தெப்பக்காட்டில் சாலைகள் பிரிகின்றன. ஒன்று கூடலூருக்கு, ஏறத்தாழ 18 கிலோமீட்டர். மற்றொன்று மசினகுடி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டி மலைப்பாதை ஏறி உதகைக்கு. மூன்றாவது பந்திப்பூர் வழியாகக் கர்நாடகத்திற்கு. பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவான வாகனப் போக்குவரத்து தடைசெய்யப்பட்டுள்ளது. ஆம்புலன்ஸ் போன்ற அவசர ஊர்திகளுக்கு விலக்கு உண்டு.

ஆகவே, மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் வலி நகரத்தில் ஒரு பொருள் தரும். இங்கே வேறு பொருள் தரும். ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்குப் பெருங்குடலில் பாலிப் அகற்றி ஆறு நாள் ஆகிறது. நலமாகவே இருந்தார். மாலையில் ஒருமுறை மலத்துடன் இரத்தம் வருகிறது. இரண்டாம் முறை கட்டியாக வருகிறது. 'காலையில் முதல் பேருந்தில் போகலாம்' என்று குடும்பத்தினர் எண்ணக்கூடும். இரண்டாம் முறை வந்தபோதே 108 அழைத்திருந்தால், இரத்த அழுத்தம் சீராக இருக்கும்போதே அவர் மருத்துவமனை சேர்ந்திருப்பார். ஒரு கிளிப்புடன் சிகிச்சை முடிந்திருக்கும். விடியும்வரை காத்திருந்தால், அதிர்ச்சி நிலையில் பல யூனிட் இரத்தம் தேவைப்படும் நிலைக்குச் சென்றிருப்பார். நோய் ஒன்றே, இடையில் கழிந்த நேரமே இவ்விரண்டு முடிவுகளையும் வேறுபடுத்துகிறது.

இதற்காக நீங்கள் முன்கூட்டியே செய்யக்கூடியவை:

• உணவுக்குழாய் விரிவாக்கம், ஈ.ஆர்.சி.பி., பெரிய பாலிப் அகற்றுதல் ஆகியவை செய்யப்பட்டால், உங்கள் வீடு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை மருத்துவரிடம் சொல்லி, முதல் இரவு மருத்துவமனையிலேயே தங்க இயலுமா என்று கேளுங்கள். இயலாவிட்டால், அருகில் உள்ள உறவினர் வீட்டில் தங்குங்கள்.
• பரிசோதனையைக் காலை வேளையில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள்.
• துணைக்கு ஒருவரின்றிச் செல்லாதீர்கள். தூக்கமருந்து பெற்றவர் 24 மணி நேரம் வாகனம் ஓட்டுதல், இயந்திரம் இயக்குதல், யானைகளைக் கையாளுதல் ஆகிய பணிகளைச் செய்யக் கூடாது.
• பாலிப் அகற்றியவரும் வளையம் இட்டவரும் இரண்டு வாரங்களுக்குத் தேன், விறகு சேகரிக்கக் காட்டின் உட்பகுதிக்குச் செல்வதையும், தொலைபேசித் தொடர்பற்ற இடங்களில் தங்குவதையும் தவிர்க்க வேண்டும். பாரம் தூக்குவது பற்றி மருத்துவரின் அறிவுரையைக் கேளுங்கள்.
• கைபேசித் தொடர்பு சீராக இல்லாத குடியிருப்பில் வாழ்பவர்கள், எந்த இடத்தில் தொடர்பு கிடைக்கும், யாரை அங்கே அனுப்புவது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.
• உங்கள் பகுதிக் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கோ மக்களைத் தேடி மருத்துவம் பணியாளருக்கோ பரிசோதனை நாளைத் தெரிவியுங்கள்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்த்து, நரம்பு வழியாக நீரேற்றுவர். இரத்த வகையும் ஹீமோகுளோபின் அளவும் பரிசோதிக்கப்படும். துளை உண்டா என அறிய எக்ஸ்ரேயும், தேவையானால் சி.டி. ஸ்கேனும் எடுப்பர்.

• துளை எனில்: உணவு நிறுத்தப்பட்டு, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்கப்படும். நிலைமைக்கேற்ப எண்டோஸ்கோபி வழியாக மூடுவர் அல்லது அறுவை சிகிச்சை செய்வர்.
• இரத்தக்கசிவு எனில்: தேவைக்கேற்ப இரத்தம் ஏற்றி, மீண்டும் எண்டோஸ்கோபி செய்து, ஊசி மருந்து, சூடு, கிளிப் அல்லது வளையத்தால் இரத்தத்தை நிறுத்துவர்.
• கணைய அழற்சி எனில்: நரம்பு வழி நீர், வலி நிவாரணம், தொடர் கண்காணிப்பு.
• பித்தநாளத் தொற்று எனில்: நுண்ணுயிர்க்கொல்லி மருந்துடன், அடைப்பை நீக்கிப் பித்தநீரை வடியச் செய்வர்.

முதலில் சென்ற மருத்துவமனையிலிருந்து உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்ப நேரிட்டால் கலங்க வேண்டாம். முதல் மருத்துவமனையில் தொடங்கும் நரம்பு வழி நீரும் மருந்தும் அந்தப் பயணத்தில் உங்களைக் காக்கும். ஆகவே, பெரிய மருத்துவமனைக்கே நேராகச் செல்வோம் என்று அருகிலுள்ளதைக் கடந்து செல்வதற்கு முன், 108 பணியாளரின் கருத்தைக் கேளுங்கள். சிகிச்சைச் செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா என்பதை மருத்துவமனைக் காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டறியலாம். பணத்தை எண்ணி அழைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். 108 ஆம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

வீடு திரும்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. எனக்குச் செய்யப்பட்டது என்ன? திசு மாதிரி எடுக்கப்பட்டதா? பாலிப் அகற்றப்பட்டதா? ஸ்டென்ட் வைக்கப்பட்டதா?
2. எந்தச் சிக்கலுக்கு, எத்தனை நாள் கவனமாக இருக்க வேண்டும்?
3. எப்போது உண்ணலாம்? எதனைத் தவிர்க்க வேண்டும்?
4. வழக்கமான மருந்துகளை எப்போது மீண்டும் தொடங்குவது?
5. இரவில் தொல்லை வந்தால் எந்த எண்ணை அழைப்பது? எந்த மருத்துவமனைக்குச் செல்வது?
6. ஸ்டென்ட் வைத்திருந்தால் அதனை எந்த நாளில் எடுக்க வேண்டும்?

விடைகளை எழுதி வாங்கி, பராமரிப்பவரும் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். தமிழ் வாசிக்க இயலாதவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களது மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். தூக்கமருந்தின் கலக்கத்தில் மருத்துவர் கூறியது நோயாளிக்கு நினைவில் நிற்காது. ஆகவே அறிவுரைகளைக் கேட்கும்போது துணைக்கு வந்தவரும் உடன் இருக்க வேண்டும்.

பராமரிப்போருக்கு ஒரு சொல்

நோயாளி பல வேளைகளில் தம் வலியைக் குறைத்தே சொல்வார். இரவில் பிறரைத் தொல்லைப்படுத்த வேண்டாம் என்றோ, செலவாகும் என்றோ, மறுநாள் வேலை கெடும் என்றோ எண்ணிப் பொறுத்துக்கொள்வார். முதல் இரவில் இரண்டு மூன்று முறையாவது எழுப்பி, பேசச் செய்து, வலி கூடுகிறதா குறைகிறதா என்று கேளுங்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். மலத்தின் நிறத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள். ஐயம் எழுந்தால் அழையுங்கள். சிக்கல் இல்லை என்று மருத்துவர் கூறி அனுப்பினால், ஓர் இரவின் தூக்கத்தை மட்டுமே நீங்கள் இழந்திருப்பீர்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் மருத்துவர் உங்கள் உடல்நிலையைக் கண்டு கூறும் அறிவுரைக்கு இவை மாற்றாகா. அவசர உதவிக்கு: 108. உடல்நலம் குறித்த ஆலோசனைக்கு: 104.